குதிரையிடம் அதிகாரம் செல்லாது

முப்பத்தெட்டு வருடம் குதிரைகளோடுதான் வேலை பார்த்தேன் என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். டிப்ளமா முடித்து 1981-ல் ரயில்வேயில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, டீசல் ஷெட்டுகளிலேயே காலம் கழித்து, 2019-ல் சீனியர் செக்‌ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் டபிள்யூ.டி.எம்.2 இன்ஜின் ஒன்றுக்கு 2,600 குதிரைத் திறன். அந்தக் குதிரைகள் நாம் சொன்னபடி கேட்கும். உயிருள்ள குதிரையை, சிறு வயதில் ஊர் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டியில் பூட்டிப் பார்த்ததோடு சரி. மற்றபடி எனக்குத் தெரிந்தது ஐயனார் கோயில் மண் குதிரைதான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் சங்கத்தின் சென்ற செயற்குழுக் கூட்டத்தில், பிள்ளைகளின் கோடை விடுமுறை முகாமில் ஒரு நாளைக் குதிரைப் பண்ணையில் கழிக்கலாம் என்று ஓர் இளம் உறுப்பினர் யோசனை சொன்னார். சவாரிக்காக அல்ல, குதிரையோடு பழகித் தன்னை அறியவும், கூடி வேலை செய்யவும் கற்பதற்காக. சிலர் சிரித்தார்கள். "கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும். அதனிடம் நம் பிள்ளைகள் என்ன கற்பது?" என்று ஒருவர் கேட்டார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிற்று. அதற்குள் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருடம் முன்பு கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். இங்கே புனேயில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன், கம்பெனி செலவில் இப்படி ஒரு நாள் போய் வந்தான். "நாலு பேரும் நாலு பக்கம் இழுத்தோம்ப்பா. அது நின்ன இடத்தை விட்டு அசையலை. அப்பதான் நாங்க யாரும் யாரையும் கேட்டுக்கலைன்னு தெரிஞ்சுது" என்றான். "இதுக்குக் குதிரை வேணுமாடா? நானே சொல்லியிருப்பேனே" என்றேன். அவன் பதில் பேசவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் பத்து வயதுப் பேத்தியையும் அதே பண்ணைக்கு அழைத்துப் போனான்.

அங்கே யாரும் குதிரை மேல் ஏறுவதில்லை. எல்லாம் தரையில்தான். கடிவாளமும் சேணமும் கிடையாது. குதிரையின் தலையில் மாட்டிய நாடாவும் அதில் கோத்த கயிறும் மட்டும். தரையில் கிடத்திய கழிகளைத் தாண்டி அதை நடத்திக்கொண்டு போக வேண்டும். அடுத்த கட்டத்தில் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், குதிரையைத் தொடாமல், ஒரு பாதை வழியே அதைக் கொண்டு சேர்க்க வேண்டும். முடிந்த பிறகு உட்கார்ந்து, என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்று பேசுகிறார்கள். பாடம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

என் முறை வந்தது. ஷெட்டில் நின்ற தோரணையில் நின்று, "சலோ!" என்று கயிற்றை இழுத்தேன். குதிரை தலையைத் தூக்கியது, காதைப் பின்னால் மடக்கியது, நாலு காலையும் ஊன்றி நின்றது. நடத்துநர் பெண்மணி ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார்: "சார், நீங்கள் மூச்சு விடுகிறீர்களா?" அப்போதுதான் பார்த்தேன், பல்லைக் கடித்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். தோளைத் தளர்த்தி, போக வேண்டிய இடத்தைப் பார்த்து நடந்தேன். குதிரையும் நாலு அடி வந்தது. பிறகு புல் மேயப் போய்விட்டது. பேத்தி கைதட்டிச் சிரித்தாள்.

குதிரைக்கு நம் மூச்சு எப்படித் தெரியும்? இதில் மாயம் ஒன்றும் இல்லை. குதிரை, வேட்டையாடப்படும் விலங்கு. ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளும் குதிரைதான் பிழைக்கும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு பகுதி நீங்கலாகச் சுமார் 350 டிகிரி பார்க்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லிப் பேர் வாங்கியது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் 1907-ல் உண்மையைக் கண்டார். கேள்வி கேட்டவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் மயிரிழை அசையும், அதைப் பார்த்து ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. 2016-ல் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார், 28 குதிரைகளுக்கு மனிதனின் கோப முகத்தையும் சிரித்த முகத்தையும் படமாகக் காட்டினார்கள். கோப முகத்தைக் கண்டபோது அவற்றின் இதயத் துடிப்பு வேகமாக ஏறியது. பழக்கமில்லாத முகத்தின் படத்துக்கே இப்படி என்றால், கயிற்றின் மறுமுனையில் நிற்பவர் எதை மறைக்க முடியும்?

அன்று வீடு திரும்பும்போது எனக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. பல வருடங்களுக்கு முன், நான் பொறுப்பில் இருந்த ஒரு ஷெட்டில் பார்த்து அனுப்பிய இன்ஜின், நடுவழியில் நின்றுபோனது. விசாரித்தபோது ஒரு ஃபிட்டர், எண்ணெய்க் கசிவை முதல் நாளே பார்த்ததாக ஒப்புக்கொண்டார். "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "சொல்லத்தான் வந்தேன் சாஹேப். உங்கள் முகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன்" என்றார். நான் யாரையும் வாய்விட்டுத் திட்டுபவன் அல்ல. அதனால் அவர் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன், அப்படியே எழுதியும் வைத்தேன். குதிரை மடக்கிய காதைப் பார்த்த பிறகுதான் அவர் சொன்னது உண்மை என்று புரிந்தது. ஃபிட்டருக்கு வருடாந்திர ரகசிய அறிக்கை பற்றிய பயம் இருந்தது. குதிரைக்கு அந்தப் பயம் இல்லை. அதனால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது.

நம் வீடுகளிலும் இதே நிலைமை இருக்கிறது. பிழைப்புக்காக மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். படிப்பு ஒன்றே பிள்ளைகளுக்கு நாம் விட்டுப்போகும் சொத்து என்று, வீட்டையும் ஷெட் போலவே நடத்தினோம். நான் அப்படித்தான் நடத்தினேன். மார்க், ரேங்க், அடுத்த பரீட்சை. பிள்ளைகள் என்னிடம் எத்தனை கசிவுகளைச் சொல்ல வந்து திரும்பிப் போனார்களோ!

இன்னொன்றும் கவனித்தேன். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம், டி.வி.யில் ஹிந்தி என்று வளரும் நம் பிள்ளைகளில் சிலர், எதில் பேசினாலும் யாராவது சிரிப்பார்களோ என்று வாயைத் திறக்கவே தயங்குகிறார்கள். பேச்சுப் போட்டியில் அவர்களுக்குப் பரிசு வராது. லாயத்திலோ எந்த மொழியில் பேசினாலும் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை. மேடையில் வாய் திறக்காத என் பேத்தி, அன்று கழிகள் அத்தனையையும் தாண்டிக் குதிரையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

இதை அளவுக்கு மீறிப் புகழவும் நான் தயாராக இல்லை. "குதிரை உங்கள் மனத்தின் கண்ணாடி" என்று விளம்பரம் செய்கிறார்கள். குதிரை ஈ கடித்தும் நிற்கும், பசித்தும் நிற்கும். ஒவ்வொரு அசைவுக்கும் நம் குணத்தைக் காரணம் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிரஷர் கேஜ் காட்டும் எண்ணைப் படிக்கவும் ஆள் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? 1999-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈகாலா அமைப்பின் முறையில், குதிரையை அறிந்த ஒருவரும் மனநலப் பயிற்சி பெற்ற ஒருவரும் சேர்ந்தே நடத்த வேண்டும். அந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. மேலும் இது கற்றல், வைத்தியம் அல்ல. இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றதும், குதிரை வழிச் சிகிச்சை பரவியதும் தனிக் கதை. நோய் உள்ள பிள்ளையை டாக்டரிடம்தான் அழைத்துப் போக வேண்டும்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். யோசனையை ஏற்றுக்கொள்ளுங்கள். தரைப் பயிற்சி மட்டும் போதும். தலைக்கவசம், மூடிய ஷூ கட்டாயம். குதிரையின் பின்னால் யாரும் போகக் கூடாது. குதிரைக்கு நிழலும் தண்ணீரும் ஓய்வும் தராத பண்ணை வேண்டாம். செலவு அதிகம் என்பவர்களுக்கு: வெளியூர்ப் பேச்சாளரை வரவழைத்துத் தன்னம்பிக்கை பற்றி இரண்டு மணி நேரம் பேச வைக்க நாம் செய்யும் செலவை இந்த ஒரு வருடம் இதற்குத் திருப்பலாம். சங்கத்திடம் கேட்டுத்தான் பார்ப்போமே என்பவர்களோடு நானும் ஒரு பங்கு தருகிறேன்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளை மட்டும் அனுப்பாதீர்கள். அப்பாக்களும் கூட வரட்டும், பிள்ளைகள் பார்க்கக் கயிற்றைப் பிடிக்கட்டும். குதிரை நகர மறுத்தால் வெட்கப்பட வேண்டாம். என் குதிரை புல் மேயப் போன அன்று மாலைதான் பேத்தி, கணக்கில் தோற்றுப்போன விடைத்தாளைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினாள். மூச்சை விட்டுவிட்டு வாங்கிப் பார்த்தேன்.