தலையில் முட்டாதே! – இங்கிலாந்தின் கால்பந்துப் பிள்ளைகளுக்குப் புதுப் பாடம்

இங்கிலாந்து நாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பூங்காக்களில் கூட்டம் நிரம்பி வழியும். எல்லாம் கால்பந்து ஆடும் பிள்ளைகள்! 8 வயது இருக்கும், 9 வயது இருக்கும். கோட்டுக்கு வெளியே அப்பாவும் அம்மாவும் கம்பளிச் சட்டைக்குள் கையை நுழைத்தபடி நின்றுகொண்டு இருப்பார்கள். "ஓடு! அடி! விடாதே!" என்று கத்துவார்கள். பெற்றவர்கள் எந்த நாட்டில் இருந்தால் என்ன, சத்தம் ஒன்றுதான்!

மைதானத்தின் மூலையில் பந்து வைக்கப்படுகிறது. இதற்கு "கார்னர் கிக்" என்று பெயர். தன் கோல் பக்கத்துக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தானே வெளியே தள்ளிவிட்டால், எதிர் அணிக்கு இந்த வாய்ப்பு கிடைக்கும். பந்தை மூலையில் வைத்து, கோலுக்கு முன்னால் விழும்படி அடிப்பார்கள்.

அடித்தாகிவிட்டது. பந்து உயரே எழும்பி வருகிறது. ஒரு பையன் துள்ளிக் குதித்து, நெற்றியால் முட்டி, பந்தை வெளியே தள்ளுகிறான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் "சபாஷ்!" என்று கைதட்டி இருப்பார்கள்.

இப்போது? நடுவர் விசில் ஊதுகிறார். குற்றம்! பந்து எதிர் அணிக்கு.

கோலைக் காப்பாற்றிய பையனே குற்றவாளி ஆகிவிட்டான். இது என்ன நியாயம்?

புதிய விதி

வேண்டும் என்றே பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் விதி வந்திருக்கிறது. முட்டினால் எதிர் அணிக்கு "இன்டைரக்ட் பிரீ கிக்" கிடைக்கும். அதாவது பந்தை நிறுத்தி வைத்து அடிக்கலாம். ஆனால் நேராக அடித்து கோல் போட முடியாது. இன்னொருவர் மேலும் பட வேண்டும். தானாக வந்து பந்து தலையில் பட்டுவிட்டால் குற்றம் இல்லை.

இதை முதலில் தொடங்கியது அமெரிக்கா. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் முட்டக் கூடாது என்று அங்கே 2015-ல் அறிவித்தார்கள். 2020-ல் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும், ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியின்போது தலை முட்டைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். பயிற்சியில் கூடாது, பந்தயத்தில் முட்டலாம்! சொல்லிக் கொடுக்காததைப் பிள்ளை பந்தயத்தில் எப்படிச் செய்யும்? கண்ணை மூடிக்கொண்டு உச்சந்தலையைக் கொடுக்கும். அரைகுறைச் சட்டத்தால் இருந்ததைவிட ஆபத்து அதிகம் என்று பலர் சொன்னார்கள். பிறகுதான் இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் பந்தயத்திலும் கை வைத்தது. 2024-25 பருவத்தில் 7 முதல் 9 வயதுக்கு உட்பட்டோர், 2025-26-ல் 10 வயதுக்கு உட்பட்டோர், 2026-27-ல் 11 வயதுக்கு உட்பட்டோர் என்று படிப்படியாகத் திட்டம் வகுத்தது.

5 வீரர்களின் கதை

பந்து பட்டால் என்ன ஆகிவிடும்? நம் ஊரில் இரண்டு பிள்ளைகள் தலை முட்டிக்கொண்டால், "ஒரு தடவை முட்டினால் கொம்பு முளைக்கும், இன்னொரு தடவை முட்டிக்கொள்" என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஜெப் ஆஸ்டில் என்று ஒரு வீரர். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணிக்கு ஆடியவர். தலையால் முட்டி கோல் போடுவதில் பெயர் பெற்றவர். வயது ஏற ஏற நினைவு தப்பியது. 2002-ல் 59 வயதில் இறந்து போனார். சாவை விசாரித்த அதிகாரி, "இது தொழிலால் வந்த நோய்" என்று தீர்ப்பு எழுதினார். சுரங்கத் தொழிலாளிக்கு நுரையீரல் நோய் வருவதுபோல, பந்து முட்டியவருக்கு மூளை நோய்!

1966-ல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றது. இறுதிப் போட்டியில் ஆடிய 11 பேரில் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நாபி ஸ்டைல்ஸ், ஜாக் சார்ல்டன், பாபி சார்ல்டன் ஆகிய 5 பேருக்கு முதுமையில் நினைவு இழப்பு நோய் வந்தது. உலகமே நினைவு வைத்திருக்கும் வெற்றி. வென்றவர்களுக்கே அது நினைவில்லாமல் போயிற்று.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் என்பவரின் குழு ஓர் ஆராய்ச்சி நடத்தியது. ஸ்காட்லாந்தில் கால்பந்தைத் தொழிலாகக் கொண்டு ஆடிய 7,676 பேரின் விவரங்களை எடுத்தது. சாதாரண மக்கள் சுமார் 23,000 பேரின் விவரங்களோடு ஒப்பிட்டது. முடிவு 2019-ல் வெளிவந்தது. மூளை தேயும் நோய்களால் இறப்பது, மற்றவர்களைவிட வீரர்களிடம் மூன்றரை மடங்கு அதிகம்! (இருதய நோயால் இறப்பது வீரர்களிடம் குறைவு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

2021-ல் அதே குழு இன்னொரு கணக்கு எடுத்தது. யார் எந்த இடத்தில் ஆடினார்கள் என்று பிரித்துப் பார்த்தது. கோல்கீப்பர்களுக்கு மற்ற மக்களைவிட அதிகமான ஆபத்து தெரியவில்லை. அவர்கள் பந்தைக் கையால் பிடிப்பவர்கள். ஆனால் கோலைக் காக்கும் தடுப்பு வீரர்களுக்கு ஆபத்து சுமார் 5 மடங்கு!

"அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் நனைந்தால் கல்லாகக் கனக்கும், இப்போதைய பந்து நனையாதே" என்று சமாதானம் சொல்வார்கள். உலர்ந்த பந்தின் எடை அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியவர்கள் ஆடும் பந்து 410 முதல் 450 கிராம். இப்போதைய பந்து வேகமாகவும் வருகிறது. பிற்காலத்தில் பிறந்த வீரர்களுக்கு ஆபத்து குறைந்ததாகவும் ஆராய்ச்சியில் தெரியவில்லை.

சின்ன வயதில் முட்டியதுதான் நோய்க்குக் காரணம் என்று இதுவரை யாரும் நிரூபித்தது இல்லை. ஆனால் பிள்ளைகளின் உடலைப் பாருங்கள். உடம்புக்கு மிஞ்சிய தலை. மெலிந்த கழுத்து. நிரூபணம் வரும்வரை காத்திருந்து, 50 ஆண்டு கழித்து "ஐயோ" என்பதில் யாருக்கு லாபம்?

பெரியவர்கள் ஆடும் ஆட்டம்

பிள்ளைகளின் ஆட்டத்தில் தலை முட்டை எடுத்துவிட்டார்கள். பெரியவர்களின் ஆட்டமோ நேர் எதிராகப் போய்க்கொண்டு இருக்கிறது!

1998 ஜூலை 12 அன்று பாரிஸ் அருகே உலகக் கோப்பை இறுதிப் போட்டி. பிரான்சின் ஜிடேன் இரண்டு கோல் போட்டார். இரண்டும் கார்னரில் வந்த பந்து. இரண்டும் தலையால் முட்டியது. பிரேசில் 3-0 என்று தோற்றது. மூலையில் இருந்து வரும் பந்தின் மதிப்பு அப்போதே தெரிந்துவிட்டது.

இப்போது அது ஒரு தனித் தொழிலே ஆகிவிட்டது. லண்டனின் ஆர்செனல் அணி, நிறுத்தி வைத்து அடிக்கும் பந்துகளுக்காகவே நிக்கோலஸ் ஜோவர் என்ற தனிப் பயிற்சியாளரை 2021-ல் சேர்த்தது. 2023-24 பருவத்தின் பிரீமியர் லீக் பந்தயங்களில் கார்னரால் மட்டும் அந்த அணி 16 கோல் போட்டது. கோலுக்கு முன்னால் ஒரு பெருங்கூட்டம். இடிப்பதும் தள்ளுவதும் சட்டையைப் பிடிப்பதும், திருவிழா நெரிசல்தான்!

பிள்ளைகள் இதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். மறுநாள் பூங்காவில் அதையே செய்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி தருபவர் பெரும்பாலும் ஓர் அப்பாவோ அம்மாவோதான், சம்பளம் வாங்காதவர். "தலையைக் கொடுத்துத் தடு" என்பதுதான் அவர் சின்ன வயதில் கற்ற பாடம். அது இப்போது செல்லாது. வேறு என்ன சொல்லிக் கொடுப்பது?

பந்து விழும் இடம்

இங்கேதான் ஒரு நல்ல சேதி இருக்கிறது. விதி இரண்டு பக்கத்துக்கும் உண்டு. தடுப்பவன் முட்டக் கூடாது என்றால், கோல் போட வருபவனும் முட்டக் கூடாது! இருவரும் பந்து கீழே இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆகவே சண்டை இப்போது ஆகாயத்தில் இல்லை. பந்து எங்கே விழும் என்று முதலில் கண்டுபிடிப்பவனுக்குத்தான் வெற்றி.

சின்னப் பிள்ளையின் கால் பலம் எவ்வளவு? மூலையில் இருந்து அடிக்கும் பந்து பாதி தூரம்தான் பறக்கும். பிறகு குதித்துக் குதித்து, அருகில் உள்ள கோல் கம்பத்துப் பக்கம் வரும். விவரம் தெரிந்த பயிற்சியாளர் தன் அணியில் நிதானமான பிள்ளையை அந்தக் கம்பத்துக்கு ஓர் அடி முன்னால் நிறுத்துகிறார். உயரமான பிள்ளை வேண்டியது இல்லை. பயப்படாத பிள்ளை வேண்டும். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

மற்றவர்கள்? ஆளைக் காவல் காப்பது ஒரு முறை. இடத்தைக் காவல் காப்பது இன்னொரு முறை. "அந்தச் சிவப்புச் சட்டையை விடாதே" என்றால், பிள்ளை சிவப்புச் சட்டையையே பார்த்துக்கொண்டு இருக்கும். பந்து பின்னால் போய்விடும். "பந்தைப் பார்" என்றால் சிவப்புச் சட்டை மாயமாகிவிடும்! அதனால் 10 வயதுக்குள் உள்ளவர்களுக்கு இடத்தைக் கொடுப்பதே மேல் என்பது என் எண்ணம். "இந்தக் கட்டம் உன்னுடையது. இதற்குள் பந்து வந்தால் நீதான் பொறுப்பு" என்று சொன்னால் பிள்ளைக்குப் புரிகிறது. வீட்டில் "இந்த அலமாரி உன் பொறுப்பு" என்றால் எவ்வளவு பெருமையாகப் பார்த்துக்கொள்கிறது!

நிற்கும் விதமும் முக்கியம். பந்துக்கு நேராக விறைத்து நின்றால் பின்னால் நடப்பது தெரியாது. பக்கவாட்டில், முழங்காலை லேசாக மடக்கி நிற்க வேண்டும். எதிரிக்கும் கோலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அப்போது பந்தும் தெரியும், ஆளும் தெரிவான்.

பந்து நெஞ்சு உயரத்தில் வந்தால் நெஞ்சால் வாங்கலாம். தொடையால் தணித்துக் கீழே போடலாம். கையை மட்டும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் "ஹேண்ட்" என்று விசில் ஊதிவிடும்! பந்து காலுக்கு வந்ததும் மைதானத்தின் ஓரமாகத் தூர அடிக்க வேண்டும். நடுவில் அடித்தால் எதிரியின் காலுக்கே போய்ச் சேரும். அடித்த கையோடு எல்லோரும் கோலை விட்டு வெளியே ஓடி வர வேண்டும். அங்கேயே நின்றால் கோல்கீப்பரின் கண்ணை மறைக்கும்.

கோல்கீப்பருக்கு இப்போது மவுசு கூடிவிட்டது. உயரத்தில் வரும் பந்தைத் தொடக்கூடியவர் அந்த ஒருவர்தான். "என் பந்து!" என்று உரக்கக் கத்தச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கூச்சப்படும் பிள்ளைக்குப் பந்து பிடிப்பதைவிட இந்தக் கத்தல்தான் கடினமான பாடம்!

முதுகைக் காட்டியவர்கள்

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பந்துக்கு முதுகு காட்டக் கூடாது.

2019 மே 7, லிவர்பூல் நகரம். சாம்பியன்ஸ் லீக் அரை இறுதியின் இரண்டாவது பந்தயம். முதல் பந்தயத்தில் பார்சிலோனா 3-0 என்று வென்றிருந்தது. இங்கே லிவர்பூல் 3 கோல் போட்டுச் சமன் செய்துவிட்டது. 79-வது நிமிடம். லிவர்பூலுக்குக் கார்னர். கோட்டுக்கு வெளியே பந்து எடுத்துத் தரும் பையனுக்கு 14 வயது. சட்டென்று ஒரு பந்தைப் போட்டான். அலெக்சாண்டர் ஆர்னால்டு என்ற 20 வயது வீரர் பந்தை வைத்துவிட்டு விலகிப் போவதுபோல் இரண்டடி நடந்தார். திரும்பிப் பார்த்தார். பார்சிலோனா வீரர்கள் பந்தையே பார்க்கவில்லை! பாய்ந்து வந்து அடித்தார். ஒரிகி கோலுக்குள் தள்ளினார். பார்சிலோனா வெளியேறியது!

அந்தப் பந்து யார் தலையிலும் படவில்லை. தரையோடு வந்தது. தடுக்க உயரமும் வேண்டியது இல்லை, பலமும் வேண்டியது இல்லை. கண் போதும். உலகப் புகழ் பெற்ற வீரர்கள் தவறவிட்ட பாடம் அது. 8 வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

"பிறகு எப்போது கற்பது?"

புதிய விதி எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. "என் பையன் 12 வயதில் திடீர் என்று முட்டப் போகிறான். முறை தெரியாமல் முட்டினால் அப்போது அடிபடாதா? மற்ற நாட்டுப் பிள்ளைகள் முந்திவிட மாட்டார்களா?" என்று தகப்பன்மார் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். முறையாக முட்டுவது ஒரு கலை. கண்ணைத் திறந்து, கழுத்தை இறுக்கி, நெற்றியால் முட்ட வேண்டும்.

ஆனால் 4 ஆண்டு காலம் பந்து விழும் இடத்தைக் கண்ணால் அளந்து பழகியவன், அந்தக் கலையைப் பிறகு கற்பது கடினம் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த இடத்துக்கு ஓட வேண்டும் என்பது அவனுக்கு முன்பே தெரியும். நெற்றியை எப்படிக் கொடுப்பது என்பது மட்டும்தான் பாக்கி.

அதற்கும் அளவு வைத்திருக்கிறார்கள். 2020-ல் இங்கிலாந்துச் சங்கம் வகுத்த கணக்குப்படி, 12 வயதுக்கு உட்பட்டோருக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் தலை முட்டுப் பயிற்சி. அன்றைக்கும் 5 தடவைக்கு மேல் கூடாது.

6-வது பந்தைப் பயிற்சியாளர் கையில் எடுத்தால், கோட்டுக்கு வெளியே நிற்கும் அம்மா தாராளமாகச் சத்தம் போடலாம்!