ஆச்சியின் மரணமும் தெருவோரச் சாட்சியும்

தியானப் பகுதி: யோவான் 11:17-36, 1 பேதுரு 3:15



துக்கத்தில் இருக்கிற மனிதன் சத்தியத்தைக் கேட்கும் நிலையில் இருக்கிறானா? துக்கத்தில் இருக்கிறவனே சத்தியத்தைச் சொல்லவேண்டியவனாகவும் இருந்தால் என்ன செய்வது? இந்த வாரம் இவ்விரு கேள்விகளையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இவை என் கற்பனையில் தோன்றியவை அல்ல. நம் ஊரில் பிறந்து, இப்பொழுது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கணினித் துறையில் பணிசெய்யும் ஒரு வாலிபர் எனக்கு எழுதிய கடிதத்திலிருந்து எழுந்தவை. அவருடைய சம்மதத்தோடு, பெயரைத் தவிர்த்து, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

யூட்டாவின் தலைநகரான சால்ட் லேக் சிட்டி, மார்மன்கள் என்று பொதுவாக அழைக்கப்படுகிறவர்களின் தலைமையிடம். ஆண்டுதோறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் அங்கே அவர்களுடைய பொது மாநாடு நடைபெறும். அந்நாட்களில் வேறு சபைகளைச் சேர்ந்த சிலர் நடைபாதையில் நின்று கைப்பிரதிகளைக் கொடுத்து, அவர்களோடு வேதத்தைப் பற்றிப் பேசுவார்கள். நம் வாலிபரும் அப்படி ஒரு குழுவோடு சென்றிருக்கிறார். அதற்கு முந்தின வாரத்தில்தான் அவருடைய தாயைப் பெற்ற ஆச்சி இங்கே காலமாகியிருந்தார். அவரால் வந்துசேர முடியவில்லை. இறுதிச் சடங்குகளைக் கைப்பேசியின் திரையில் பார்த்தார்.

அந்த ஆச்சி ஞானஸ்நானம் பெற்றவர் அல்லர். மகளைத் திருச்சபைக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்த பின்பும், தம் முன்னோரின் வழியிலேயே இருந்தவர். ஆனாலும் பேரனை ஒவ்வொரு ஞாயிறும் கைப்பிடித்து ஓய்வுநாள் பள்ளிக்கு அழைத்துவந்து, பள்ளி முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பாராம்.

நடைபாதையில் கைப்பிரதியைப் பெற்றுக்கொண்ட ஒரு மார்மன் இளைஞர், நம் வாலிபரின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டிருக்கிறார். ஆச்சியைப் பற்றி அறிந்ததும், அவர் கனிவோடு சொன்னது இது: எங்கள் ஆலயத்தில் மரித்தவர்களுக்காகவும் ஞானஸ்நானம் பெறலாம், உன் குடும்பத்துப் பெண் ஒருத்தி உன் பாட்டியின் பெயரால் தண்ணீரில் மூழ்கினால், மறுமையில் அதை ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு உன் பாட்டிக்குக் கிடைக்கும். நம் வாலிபருக்கு மறுமொழி வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. பின்னர் குழுவிலிருந்த ஒருவர், ஆச்சிக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் அந்த இளைஞருக்கும் அதே முடிவுதான் என்பதையும் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும் என்று இவரைக் கடிந்துகொண்டாராம்.

"ஐயா, நான் சாட்சியில் தவறினேனா? என் ஆச்சி எங்கே இருக்கிறார்கள்?" இவ்வளவுதான் கடிதத்தின் கேள்வி.

பிரியமானவர்களே, முதலில் அந்த மார்மன் இளைஞரின் போதனையைச் சரியாக அறிந்துகொள்வோம். ஒருவருடைய விசுவாசத்தைத் திரித்துச் சொல்லி அதை வெல்வது பொய்ச்சாட்சியே. அவர்களுடைய சபை 1830 ஏப்ரல் 6-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் தொடங்கப்பட்டது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். வேதாகமத்தோடு மார்மன் புத்தகத்தையும் வேதமாக ஏற்கிறார்கள். பிதாவும் குமாரனும் பரிசுத்த ஆவியும் நோக்கத்தில் ஒன்றான, ஆனால் தனித்தனியான மூவர் என்றும், பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் உள்ள சரீரம் உண்டு என்றும் போதிக்கிறார்கள். நற்கருணை ஆராதனையில் நாம் எழுந்துநின்று அறிக்கையிடுகிற நிசேயா விசுவாசப் பிரமாணத்தை அவர்கள் ஏற்பதில்லை. இவை சிறிய வேறுபாடுகள் அல்ல. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி இவற்றைக் கடந்துபோக என்னால் இயலாது.

இது தொலைதூரத்து விஷயமும் அல்ல. 1853-இலேயே அவர்களுடைய ஊழியர்கள் மூவர் சென்னைக்கு வந்தார்கள். இந்தியாவில் தங்கள் முதல் ஆலயத்தைப் பெங்களூருவில் கட்டப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்தார்கள். நம் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் நகரங்களில் இந்தக் கேள்வி அவர்களை எதிர்கொள்ளும்.

ஆனால், மரித்தோருக்கான ஞானஸ்நானம் என்ற போதனை எங்கிருந்து முளைத்தது என்பதையும் நீங்கள் அறியவேண்டும். ஜோசப் ஸ்மித்தின் மூத்த சகோதரர் ஆல்வின் 1823 நவம்பரில், 25 வயதில் மரித்தார். அவர் ஞானஸ்நானம் பெற்றிருக்கவில்லை. அடக்க ஆராதனையில் பிரசங்கித்த ஒரு போதகர், ஆல்வின் நரகத்துக்குப் போய்விட்டார் என்று பொருள்படப் பேசினார் என்று அந்தக் குடும்பத்தார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். தகப்பனுக்கு அது பொறுக்கவில்லை. 1836-இல் பரலோகத்தில் ஆல்வினைக் கண்டதாக ஜோசப் ஸ்மித் அறிவித்தார். 1840-இல், இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில், ஓர் அடக்கத்தின்போதுதான் மரித்தோருக்கான ஞானஸ்நானத்தை முதன்முதலாகப் பிரசங்கித்தார்.

ஒரு போதனையின் பிறப்பை ஒரே காரணத்தில் அடக்கிவிட முடியாது என்பதை அறிவேன். ஆயினும் ஒரு போதகனாக அந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் நடுங்குகிறேன். பிரேதம் வீட்டில் கிடக்கையில் ஓர் ஊழியன் தனக்கு அறிவிக்கப்படாத தீர்ப்பை அறிவித்தான். அதன் காயம் ஆறாமலே இருந்தது. இன்று நடைபாதையில் நின்று அதே தீர்ப்பைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நம் வாலிபரைக் கடிந்துகொண்டவர், எந்த நெருப்பை அணைக்கப் போனாரோ அதிலேயே எண்ணெய் ஊற்றச் சொல்லியிருக்கிறார்.

மரித்தவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பு யூட்டாவுக்கு மட்டும் உரியதா? ஆடி அமாவாசையன்று நம் பாபநாசம் படித்துறையைப் பாருங்கள். விடியுமுன்னே பேருந்துகளில் வந்திறங்கி, தாமிரபரணியில் மூழ்கி, தகப்பனுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நம் அயலாரின் முகங்களை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அது ஏளனத்துக்குரிய காட்சி அல்ல. அன்பு மரணத்தின் கதவில் மோதி நிற்கிற காட்சி அது. நம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கும்போது நம் நெஞ்சிலும் அதே மோதல்தான் இருக்கிறது.

ஆனால் தவிப்பு உண்மையானது என்பதால் அதற்குக் கொடுக்கப்படும் எல்லா விடையும் உண்மையாகிவிடாது. மார்மன் சபையார் 1 கொரிந்தியர் 15:29-ஐ ஆதாரமாகக் காட்டுவார்கள். மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிற சிலரைப் பற்றிப் பவுல் அங்கே குறிப்பிடுவது மெய்யே. கவனியுங்கள்: அவர்கள் என்று சொல்கிறாரேயன்றி நாம் என்று சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் தம்முடைய பாடுகளைப் பற்றிப் பேசும்போது நாங்கள் என்று மாறுகிறார். அந்த வழக்கத்தை அவர் கட்டளையிடவில்லை, விளக்கவில்லை, வேறெங்கும் திரும்பச் சொல்லவும் இல்லை. உயிர்த்தெழுதல் உண்டு என்பதை நிறுவ, கொரிந்தியர் கண்ணெதிரே இருந்த ஒன்றைச் சுட்டிக்காட்டி, உயிர்த்தெழுதல் இல்லையென்றால் அதற்கு என்ன பொருள் என்று கேட்கிறார். அவ்வளவே.

அதைவிட ஆழமான ஒரு காரணமும் உண்டு. சிலுவையில் இயேசுவின் அருகே தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் பெறவில்லை. அவனுக்காக வேறொருவர் பெறவும் இல்லை. அன்றைக்கே தம்மோடு பரதீசில் இருப்பான் என்று கர்த்தர் அவனுக்கு வாக்களித்தார் (லூக்கா 23:43). கிறிஸ்து செய்து முடித்த பலி நம் ஆலயப் பதிவேட்டின் ஒரு வரிக்காகக் காத்திருப்பதில்லை. ஞானஸ்நானம் கர்த்தர் நிறுவிய சாக்கிரமந்து. அதை அற்பமாக எண்ணுகிறவன் அவரையே அற்பமாக எண்ணுகிறான். ஆனால் கர்த்தர் தம் கைகளை அதனால் கட்டிக்கொள்ளவில்லை. ஒருவருடைய பெயரால் மற்றொருவர் சடங்கு செய்வது வாழ்கிறவர்களையும் புண்படுத்தக்கூடும். நாசி முகாம்களில் மடிந்த யூதர்களின் பெயர்களும் இவ்வாறு பயன்படுத்தப்பட்டதை யூதர்கள் எதிர்த்தார்கள்; அதை நிறுத்த 1995-இல் அந்தச் சபையே உடன்படவேண்டியதாயிற்று.

அப்படியானால் ஆச்சி எங்கே? மகனே, உனக்கும் உன்னைப்போல் கேட்கிற நம் சபையார் அநேகருக்கும் நான் சொல்வது இது. உன் ஆச்சி நரகத்தில் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை. பரலோகத்தில் இருக்கிறார் என்று அறிவிக்கவும் எனக்கு அதிகாரம் இல்லை. சர்வலோக நியாயாதிபதி நீதி செய்வார் என்ற ஆபிரகாமின் நம்பிக்கையை (ஆதியாகமம் 18:25) உன் கையில் தருகிறேன். அந்த நியாயாதிபதி முகமறியாத ஒருவர் அல்லர். எருசலேமுக்காக அழுதவர்; லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டவர்; ஆணிகள் பாய்ந்த கைகளை உடையவர். உன் ஆச்சியை நீ நேசித்ததைவிட அதிகமாக நேசித்தவரிடம் அவரை விட்டுவிடு. அவரை நினைத்து அழுவது அவிசுவாசம் அல்ல. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அப்போஸ்தலன் எழுதினார். துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை.

உங்களில் சிலர் இங்கே என்னை மறுப்பீர்கள். இப்படி விட்டுவிட்டால் சுவிசேஷம் அறிவிப்பது எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மரித்தோரின் கணக்கு நம் கையில் இருப்பதால் நாம் சுவிசேஷம் அறிவிப்பதில்லை. கிறிஸ்து கட்டளையிட்டார், அவர் மெய்யாகவே ஜீவனாயிருக்கிறார், உயிரோடிருக்கிறவர்களுக்கு அவர் இன்றைக்கே தேவை. இதற்காகவே அறிவிக்கிறோம். அறியாததை அறிந்ததாகச் சொல்வதால் நம் சாட்சி வலுப்பெறாது.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். நடைபாதையில் அழுத வாலிபர் சாட்சியில் தவறினாரா? யோவான் 11-ஐ நிதானமாக வாசியுங்கள். மார்த்தாளும் மரியாளும் ஆண்டவரிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: அவர் அங்கே இருந்திருந்தால் தங்கள் சகோதரன் மரித்திருக்கமாட்டான் என்று (வசனங்கள் 21, 32). மார்த்தாளுக்கு அவர் உபதேசம் கொடுத்தார். மரியாளோடு அவர் அழுதார். இரண்டும் ஊழியமே. அந்த மார்மன் இளைஞர் அன்று நம் வாலிபரின் துக்கத்தை விசாரித்தார். அந்த அன்புக்கு நன்றி சொல்வது கடமை. ஆனால் கண்ணீரோடு சாட்சி முடிந்துவிடவும் கூடாது. அடுத்த முறை அவரைச் சந்திக்கும்போது, சாந்தத்தோடும் பயபக்தியோடும் (1 பேதுரு 3:15) இப்படிச் சொல்லலாம்: என் ஆச்சியைப் பற்றிக் கேட்டீர்களே, நன்றி. நீங்கள் சொன்னதை யோசித்தேன். நான் ஏன் அதை ஏற்கவில்லை, யாரிடத்தில் என் ஆச்சியை ஒப்படைத்திருக்கிறேன் என்பதைச் சொல்லட்டுமா? பின்பு அவருடைய வீட்டாரைப் பற்றியும் கேட்கட்டும். சிறிய வயதில் வீட்டைவிட்டு ஊழியத்துக்கு அனுப்பப்படும் அவர்களுடைய வாலிபர்களில் பலர், தாத்தா பாட்டியின் மரணச் செய்தியை அயல்நாட்டில் கேட்டு, ஊர் திரும்பாமலே ஊழியத்தைத் தொடர்கிறார்கள்.

நம் திருநெல்வேலித் திருச்சபைக்குத் தெருப் பிரசங்கம் புதிதல்ல. தாமஸ் ராக்லாண்ட் ஐயர் 1854 முதல் வடதிருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரமிட்டுத் தங்கி ஊழியம் செய்து, 1858-இல் சிவகாசியில் மரித்தார். ஒரு நாள் வந்து கூவிவிட்டுப் போகிறவராக அவர் இருக்கவில்லை. ஜனங்களுக்கு நடுவே தங்கினார். ஒலிபெருக்கியைவிட அந்தத் தங்குதல் தொலைவுக்குக் கேட்கும்.

கடைசியாக, அந்த வேப்பமரத்தைக் குறித்து ஒரு வார்த்தை. நான் இந்தச் சேகரத்துக்கு வருவதற்கு வெகு காலத்துக்கு முன், ஒரு மூதாட்டி பல ஆண்டுகள் ஆலய வளாகத்தில் ஞாயிறுதோறும் அமர்ந்திருக்கிறார். உள்ளே வாருங்கள் அம்மா என்று அவரை யாரேனும் அழைத்தார்களா என்பது கடிதத்தில் இல்லை. மரித்த பின் அவருக்காகச் செய்யத்தக்க சடங்கு ஒன்றும் நமக்கு இல்லை. ஆனால் இன்றைக்கும் நம் வாசலுக்கு வெளியே சிலர் அமர்ந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறவர்கள், அசனப் பண்டிகைக்கு மட்டும் வருகிறவர்கள், மருமகளுக்காகக் காத்திருக்கிறவர்கள். வரும் ஞாயிறன்று அவர்களில் ஒருவருக்கு ஒரு நாற்காலி கொடுங்கள், பெயரைக் கேளுங்கள், உள்ளே அழையுங்கள். மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் துக்க வீட்டை மறந்துவிடாமல், முப்பதாம் நாளிலும் ஒருமுறை போய் அமர்ந்திருங்கள்.

தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோவிசாளிடம் இருந்ததாகப் பவுல் எழுதினார் (2 தீமோத்தேயு 1:5). பாட்டியிடமிருந்து பேரனுக்கு வருவது உண்டு. ஆலய வாசல்வரை பேரனைக் கைப்பிடித்து நடத்திவந்த ஓர் ஆச்சிக்காகவும் நாம் தேவனைத் துதிக்கலாம்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, நீர் எங்களுக்கு அறிவிக்காத தீர்ப்பை நாங்கள் அறிவியாதபடி எங்கள் வாயைக் காத்தருளும். அறிவித்த நற்செய்தியை மறைக்காதபடி எங்களுக்குத் தைரியம் தாரும். தூரதேசத்தில் துக்கிக்கிற எங்கள் பிள்ளைகளைத் தேற்றும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்,
விக்கிரமசிங்கபுரம்