கிடார் பெடலும் நம் பிள்ளைகளும்

தங்கவயல் தமிழ்க் குடும்பங்களுக்குக் கிடார் புதிதல்ல. ஆங்கிலோ-இந்தியர் வழியாகவும் சர்ச் பாட்டுக் குழுக்கள் வழியாகவும் அது நம் லைன் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. இப்போது வந்திருக்கும் வழக்கு வேறு. கிடார் வாங்கியாயிற்று, ஆம்ப்ளிஃபயரும் வாங்கியாயிற்று. இனிக் காலால் மிதிக்கிற ஒரு டப்பா வேண்டும் என்கிறான் பிள்ளை. "நல்லா இருக்கிற சத்தத்தைக் கெடுக்கிறதுக்கு எதுக்குடா காசு?" என்கிறார் அப்பா. பதில் சொல்லத் தெரியாத பிள்ளை பெரிய பெரிய கம்பெனிப் பெயர்களை அடுக்குகிறான்.

இருவருக்கும் நடுவில் புகுந்து பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. ரயில்வேயில் டெலிகாம் பிரிவில் இருந்தவன் நான். கண்ட்ரோல் டெலிஃபோனில் குரல் கரகரத்தால் கோளாறு எங்கே என்று தேடித் திருத்துவதற்குச் சம்பளம் வாங்கியவன். அந்தக் கரகரப்பையே டப்பாவில் அடைத்து விற்கிறார்கள் என்றால் எனக்கு வேடிக்கையாக இராதா? ஆனாலும் என் கட்சி இதுதான்: பிள்ளை அதைக் கேட்பது நியாயம், பெயருக்காகப் பல ஆயிரம் கொடுப்பது நியாயமல்ல.

கோளாறிலிருந்து பிறந்த சரக்குதான் இது. 1961இல் அமெரிக்காவில் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' என்ற பாட்டு வெளிவந்தது. நாஷ்வில் ஸ்டூடியோவில் அதைப் பதிவு செய்தபோது மிக்ஸிங் மேஜையின் ஒரு சானல் பழுதாகி, பேஸ் கிடார் கரகரவென்று விழுந்தது. அதை அப்படியே வெளியிட்டார்கள். பிறகு அங்கிருந்த ஒலிப்பதிவு என்ஜினியர் கிளென் ஸ்னாடி, அதே கோளாறை வேண்டுமென்றே உண்டாக்க டிரான்சிஸ்டர் வைத்து ஒரு சர்க்யூட் போட்டார். கிப்சன் கம்பெனி அதை 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று விற்றது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' வந்த பிறகுதான் அதற்கு யோகம் அடித்தது.

உள்ளே நடப்பது இவ்வளவே. கம்பியின் அலை மேடும் பள்ளமுமாக வருகிறது. சர்க்யூட் தாங்குகிற அளவுக்கு மேல் அதைப் பெருக்கினால் மேட்டின் தலையும் பள்ளத்தின் அடியும் வெட்டுப்படும். வெட்டுப்பட்டதும் வாசித்த சுரத்தோடு அதன் மேற்சுரங்களும் கூடிவிடும். இரண்டு பக்கமும் சமமாக வெட்டினால் மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை மடங்குகள். ஒரு பக்கம் கூடுதலாக வெட்டினால் இரட்டைப்படையும் சேரும். இதைக் கெட்ட சத்தம் என்று நாம் சொல்லலாமா? தம்புராவின் குதிரையில் கம்பிக்கு அடியில் நூல் வைத்து ஜீவா பிடிக்கிறவர்கள் நாம். மிருதங்கத்தின் வலந்தலையில் குச்சி செருகி நாதம் தேடுகிறவர்கள் நாம். வழி வேறு, காதின் ஆசை ஒன்றுதான்.

இனி டப்பாக்களைத் திறந்து பார்ப்போம். 1966இல் லண்டனில் வந்த 'ஃபஸ் ஃபேஸ்': டிரான்சிஸ்டர் இரண்டு, ரெசிஸ்டர் நான்கு, கண்டென்சர் மூன்று, திருகு இரண்டு. ஆக மொத்தம் பதினொரு உருப்படி. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மிதித்தது இதைத்தான். இதில் டயோடே கிடையாது. டிரான்சிஸ்டரே மூச்சுத் திணறி அலையை வெட்டுகிறது. கிடாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் சத்தம் தெளிந்துவிடும். அந்தக் குணம் மற்றவற்றில் இவ்வளவு அழகாக இல்லை என்பது என் அபிப்பிராயம். குறை என்னவென்றால், ஆரம்பத்தில் போட்ட ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சூடு தாங்காது. மத்தியானம் ஒரு குரல், ராத்திரி ஒரு குரல். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் இருந்ததே, அங்கே இறக்கியிருந்தால் வாயே திறந்திருக்காது!

1969இல் நியூயார்க்கில் வந்த 'பிக் மஃப்' நாலு டிரான்சிஸ்டர் வைத்து, டயோடு கொண்டு இரண்டு கட்டமாக வெட்டுகிறது. சுரம் நீண்டு நிற்கும். ஆனால் நடு ஸ்தாயி குழிந்துவிடும். தனியே கேட்டால் மலை. டிரம்ஸ் சேர்ந்ததும் ஆளைக் காணோம்.

1978இல் ஜப்பானின் 'பாஸ்' கம்பெனி கொண்டுவந்த டி.எஸ்.1, பெருக்கிய அலையை டயோடு வழியாக எர்த்துக்குத் தள்ளி வெட்டுகிறது. வெட்டு கூர்மை, சத்தமும் முள்ளாகக் குத்தும். மறு வருஷம் வந்த ஐபனெஸ் 'டியூப் ஸ்க்ரீமர்' அதே மாதிரி டயோடுகளை ஆப்-ஆம்பின் பின்னூட்ட வழியில் வைத்தது. வெட்டின் முனை மழுங்கி, மூல அலையும் கூடவே வருகிறது. அடி ஒலியைக் குறைத்து நடு ஒலியைத் தூக்கிக் காட்டுகிறது. டெலிஃபோன்காரனுக்கு இது புரியும்: 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் அனுப்பினாலே பேச்சு விளங்கிவிடுகிறதல்லவா? கோஷ்டியில் வாசிக்கிற பிள்ளைக்கு என் ஓட்டு இதற்குத்தான். சில்லறைக் காசு பெறும் டயோடுதான். அதை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் குரல் மாறுகிறது.

வாசிப்புக்கும் ஒரு விஷயம். எல்லாக் கார்டும் இந்த டப்பாவில் எடுபடாது. ஸாவும் பாவும் சேர்த்து மீட்டினால் அதிர்வுகள் இரண்டுக்கு மூன்று. வெட்டும்போது வித்தியாசமான 'ஒன்று' தானே பிறக்கும். அது கீழ் ஸ்தாயி ஸா. அதனால்தான் இரண்டு கம்பியில் அவ்வளவு கனம். நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால் கலங்கிவிடும்.

இப்போது நம் ஊர்ச் சமாசாரம். பழைய ஃபஸ் ஃபேஸ் மாதிரிச் சர்க்யூட்டுகளில் போடுகிற ஏ.சி.128 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கு இன்று தனி மவுசு. இங்கிருந்து ரயில் ஏறினால் போய்ச் சேருகிற பெங்களூரில், பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1962 முதல் ஜெர்மானியம் சாமான்கள் செய்தது. அவர்கள் செய்த ஏ.சி.128 நம் வீட்டு டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் சாதாரணமாக இருந்தது. ரேடியோவைப் பழைய இரும்புக்குப் போட்ட குடும்பத்துப் பிள்ளை, அதே நம்பர் போட்ட வெளிநாட்டு டப்பாவுக்கு அப்பாவிடம் மல்லுக்கு நிற்கிறான்.

1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் இது. வைண்டரும் பம்பும் மோட்டாரும் பழுது பார்த்த கைகள் வீட்டுக்கு வீடு இருந்தன. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியபோது சம்பளத்தோடு அந்தக் கைப்பழக்கமும் போயிற்று. இன்று விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர் சால்டரிங் அயர்னைக் கையில் தொட்டதில்லை. டப்பா கேட்கிற பிள்ளை, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேட்கக்கூடிய பிள்ளை. அந்த ஆசையை "இரைச்சல்" என்று சொல்லி அணைத்துவிடாதீர்கள்.

எஸ்.பி. ரோடுக்கு அவனையே அனுப்புங்கள். பி.சி.547 டிரான்சிஸ்டர் இரண்டு, மற்ற சாமான், 9 வோல்ட் பேட்டரி, ஒரு தகர டப்பா எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடியும். இது சிலிக்கான், சத்தம் சற்றுக் கூர்மையாக இருந்தாலும் வெயிலுக்குக் குரல் மாறாது. ஏ.சி.128தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், மேலே நம்பரை மாற்றி அச்சடித்த போலிகள் உண்டு. கசிவு மின்சாரத்தை மீட்டரில் பார்த்து வாங்கட்டும். அது பி.என்.பி. வகை என்பதால் அந்தச் சர்க்யூட்டில் பெரும்பாலும் பிளஸ்தான் எர்த். மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோக்கக் கூடாது. தனிப் பேட்டரி போடச் சொல்லுங்கள்.