'முதலில் மனுஷன்' என்னும் சாக்கு

டீக்கடை பாய்லரிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் பிடித்து, வாசலில் படுத்திருந்த நாயின் முதுகில் ஊற்றினார் கடைக்காரர். 2023 சித்திரை வெயில். நிழல் தேடி வந்து படுத்த நாய் அது. அது போட்ட ஓலத்தில் எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைப் பையன் வெளியே ஓடிவந்தான். மூன்றாம் நாள் அதைப் பேருந்து நிறுத்தத்தில் மறுபடி பார்த்தேன். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை ரோமத்தோடு தோல் உரிந்து ஓரத்தில் சுருண்டு தொங்கியது. ஈ உட்காரும்போதெல்லாம் உடம்பு முழுவதும் ஒருமுறை நடுங்கி அடங்கியது. பிறகு புழு வைத்துவிட்டது. தினமும் அதற்குச் சோறு வைக்கும் தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவரும் ஓர் ஆட்டோக்காரரும் சாக்கில் சுற்றிக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். நான் காவல் நிலையத்துக்குப் போனேன்.

தலைமைக் காவலர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றதுக்கு அம்பது ரூபா அபராதம் சார். அதுக்கும் கோர்ட்டு உத்தரவு வாங்காம நாங்க விசாரிக்க முடியாது. நாய்க்கு ஓனர் யாரு? என்ன விலை பெறும்?" அவர் கேலி செய்யவில்லை. அன்று நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 428ஆம் பிரிவே அப்படித்தான் கேட்டது: கொல்லப்பட்ட அல்லது ஊனப்படுத்தப்பட்ட விலங்கு பத்து ரூபாயாவது பெறுமா?

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நிலத் தகராறுக்காக எட்டு மாதமாக அலைகிறவர். "மனுஷனுக்கே இங்க நாதியில்ல தம்பி, நாய்க்குக் கேஸு குடுக்க வந்துட்டியே" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வாசகத்தின்மேல் வந்தது, இன்னும் ஆறவில்லை.

அதைக் கேட்காத இடம் கிடையாது. கல்யாணப் பந்தியில், ரயில் பெட்டியில், படித்தவர் வாயில், படிக்காதவர் வாயில். மிருகவதைச் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்று யார் பேச்செடுத்தாலும் உடனே வந்து குறுக்கே நிற்கிறது: முதலில் மனுஷனைப் பார்ப்போம், அப்புறம் மாடு, நாய் எல்லாம். காதுக்கு நியாயம்போல ஒலிக்கும். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். யாருக்கும் எதுவும் செய்யாமல் இருப்பதற்கு நாம் வைத்திருக்கும் சாக்கு இது.

நீதி என்ன ரேஷன் அரிசியா, ஒருவருக்கு அளந்தால் அடுத்தவருக்குக் குறைந்துபோக? அந்தப் பெரியவரின் மனு கிடப்பில் கிடந்த எட்டு மாதத்தில் அந்த நிலையத்தில் மிருகவதைக்கென்று ஒரு வழக்குகூடப் பதிவாகவில்லை என்று தலைமைக் காவலரே சொன்னார். எந்த நாயும் அவருடைய நியாயத்தைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. என்னைத் திருப்பி அனுப்பியதால் அவருடைய மனு ஓர் அங்குலமும் நகரவில்லை.

சரித்திரம் இந்த வாசகத்துக்கு நேர் எதிராகவே சாட்சி சொல்கிறது. 1874ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் மேரி எலன் என்ற பத்து வயதுச் சிறுமியை வளர்ப்புத்தாய் தினமும் சவுக்கால் அடித்து, அறைக்குள் பூட்டி வைத்திருந்தாள். எட்டா வீலர் என்ற சமூக ஊழியர் அவளை மீட்க எங்கெங்கோ முட்டிப் பார்த்தார்; யாரும் கைகொடுக்கவில்லை. கடைசியில் அவர் போய் நின்றது ஹென்றி பெர்க் வாசலில். 1866இல் அமெரிக்காவின் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். குதிரைகளுக்காகவும் நாய்களுக்காகவும் வழக்காடிக்கொண்டிருந்த மனிதர் அந்தச் சிறுமிக்காகத் தன் வழக்கறிஞரை அனுப்பினார். போர்வையில் சுற்றி நீதிமன்றத்துக்குத் தூக்கிவரப்பட்ட குழந்தையின் முகத்தில் கத்தரிக்கோல் வெட்டு இருந்தது. வளர்ப்புத்தாய் சிறைக்குப் போனாள். அடுத்த ஆண்டே, 1875இல், குழந்தைகளுக்கான வதைத் தடுப்புச் சங்கம் நியூயார்க்கில் உருவானது. உலகில் அந்த வகையில் அதுவே முதல். விலங்குக்காகக் கட்டிய வீட்டில்தான் குழந்தைக்கு முதலில் இடம் கிடைத்தது என்பதை 'முதலில் மனுஷன்' என்பவர்கள் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் அப்படியே. 1824இல் அங்கே மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அடிமை வியாபாரத்தை ஒழிக்க வாழ்நாளைக் கொடுத்தவர். ஒரு முதுகில் விழும் சவுக்கைப் பார்த்துப் பதறிய கண் இன்னொரு முதுகையும் பார்த்தது. இதன் மறுபக்கமும் உண்டு. விலங்கை வதைக்கிற கை வீட்டுக்குள்ளும் நீளும் என்பதைக் காவல்துறைகள் அனுபவத்தில் கண்டிருக்கின்றன. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2016 முதல் மிருகவதையைத் தனிக் குற்றவகையாகக் கணக்கெடுப்பது சும்மா இல்லை.

இனி நம் சட்டத்துக்கு வருகிறேன். இதற்கு வித்திட்டவர் நம் ஊர்க்காரர். கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அடிப்பது, உதைப்பது, தாங்காத பாரம் ஏற்றுவது, சித்திரவதை செய்வது, பட்டினி போடுவது, வளர்த்துவிட்டு நடுத்தெருவில் விட்டுப்போவது என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. எல்லாம் குற்றம். முதல்முறை செய்தால் அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை. இன்றும் இதுதான் தொகை. தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் ஆயிரம் ரூபாய். 1890இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் முதல் குற்றத்துக்கே சிறைக்கு இடம் இருந்தது. சுதந்திர இந்தியா அதை எடுத்துவிட்டது. பக்கத்தில் இலங்கையிலோ 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதன் நூறு ரூபாய் அபராதமும் தலைமுறைகள் தாண்டி வந்துகொண்டிருக்கின்றன.

தொகை மட்டுமா சிறியது? 11ஆம் பிரிவில் பெரும்பாலானவை பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றங்கள். கண்ணெதிரே அடித்தாலும் காவலர் நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடரவில்லை என்றால் அத்தோடு முடிந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா ஒரு நல்ல காரியம் செய்தது: 325ஆம் பிரிவில் விலங்கின் விலையைக் கேட்பதை விட்டது, ஐந்து ஆண்டு வரை சிறை என்றது. ஆனால் அந்தப் பிரிவு இருக்குமிடம் சொத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற அத்தியாயம். கொல்வதும் ஊனப்படுத்துவதும்தான் அதற்குள் வரும். தினந்தோறும் நடக்கும் அடி உதை இன்னும் அந்த ஐம்பது ரூபாயிலேயே நிற்கிறது. போதாததற்கு, விலங்குகள்மேல் நடக்கும் பாலியல் கொடுமையைத் தண்டித்துவந்த பழைய 377ஆம் பிரிவைப் புதிய சட்டம் அடியோடு விட்டுவிட்டது. வாய் பேசமுடியாத ஓர் உயிருக்கு நடக்கும் அந்தக் கொடுமைக்கென்று இன்று நேரடியாக ஒரு பிரிவு இல்லை. எழுதும்போதே கை கூசுகிறது.

நம் மண்ணிலேயே கருணை இருக்கிறது, தண்டனை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கேட்டுவிட்டு மனுநீதிச் சோழனைச் சொல்வார்கள். அந்தக் கதையில் பசு இரக்கம் கேட்டு வரவில்லை. ஆராய்ச்சி மணியை அடித்து முறையிட்டது, அரசன் விசாரித்தான். அவன் சிலையைச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிறுத்தியிருக்கிறோம். மணி அடித்தாலும் விசாரிக்க அதிகாரம் இல்லாத சட்டத்தை வைத்துக்கொண்டு அந்தச் சோழன் பெயரை நாம் எடுக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு முட்டுக்கட்டை ஜல்லிக்கட்டு. விலங்குச் சட்டம் என்றாலே நம் பண்பாட்டின்மேல் டெல்லி வைக்கும் கை என்று 2017க்குப் பிறகு பலர் நினைக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்வேன். ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று ஜல்லிக்கட்டுத் தடை. மற்றொன்று, மிருகவதைக்கான தண்டனை அச்சம் தரும்படி இருக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. முதலாவதை மெரினா போராட்டம் மூன்றே ஆண்டில் மாற்றிக் காட்டியது. அதனால் வந்த மாநிலச் சட்டத் திருத்தத்தை 2023இல் அரசியல் சாசன அமர்வும் ஏற்றது. இரண்டாவது பத்து ஆண்டு கடந்தும் அப்படியே கிடக்கிறது. காளையைப் பிள்ளைபோல வளர்க்கிறோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னவர்கள்தான் இதற்கு முதல் குரல் கொடுக்க வேண்டும். பிள்ளையின் வாலை முறித்தால் ஐம்பது ரூபாய் என்று எழுதிய சட்டத்தை எந்தத் தகப்பன் பொறுப்பான்?

சட்டம் இறுகினால் அடிபடுவது ஏழை வண்டிக்காரர்தானே என்ற கவலை உண்மையானது. அதனால்தான் யாரைப் பிடிக்கிறோம் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978 விதிகள் சொல்கின்றன. சந்தையிலிருந்து கேரளத்துக்குப் போகும் வண்டிகளில் கால் மாற்றி நிற்க இடமின்றி அடைத்து, விழுந்த மாடு எழுந்து நிற்கக் கண்ணில் மிளகாய் தேய்ப்பதை அந்தச் சாலையில் இருப்பவர்கள் அறிவார்கள். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு மாட்டுக்கும் மிச்சமாகும் வாடகையோடு ஒப்பிட்டால் ஐம்பது ரூபாய் ஒரு செலவே இல்லை. அந்தக் கணக்கைப் போடுவது லாரி ஓட்டுபவர் அல்ல, சரக்குக்கு உடையவர். 37 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் பகல் 12 முதல் 3 மணி வரை பார மாட்டை ஓட்டக் கூடாது என்பது 1965 விதி. அது மாட்டோடு சேர்த்து வண்டிக்காரர் தலையையும் அதே வெயிலிலிருந்து காக்கிறது.

பசுவின் பெயரால் நடக்கும் அடாவடியும் எனக்குத் தெரியும். குஜராத்தில் 2017 முதல் பசுவைக் கொன்றால் ஆயுள் தண்டனை வரை உண்டு. அதே நாட்டில் நாயின் முதுகை வேகவைத்தால் ஐம்பது ரூபாய். நான் கேட்பது முதல் வகைச் சட்டம் இல்லை. எந்த விலங்கு, யாருடைய தெய்வம், யாருடைய உணவு என்று பார்க்காமல், வலியைப் பார்க்கிற சட்டம்.

நாய்க்கடியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கோபத்தைக் குறைசொல்ல எனக்கு நாக்கு வராது. ரேபிஸைத் தடுப்பது ஊசியும் கருத்தடையும். வெந்நீர் எந்தக் குழந்தையையும் காப்பாற்றியதில்லை.

2022 நவம்பரில் ஒன்றிய அரசு 1960 சட்டத்துக்கு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்கள் கருத்துக் கேட்டது. கொடூர வதைக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது அது. சட்டமாகவில்லை.

அந்த நாய் பிழைத்தது. முதுகில் ரோமம் முளைக்கவில்லை. வெயில் ஏறினால் நிறுத்தத்துத் திண்ணைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். என் மனுவுக்குக் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது மூன்று மாதத்தில் வெறும் தாளாகிவிட்டது. "கேஸெல்லாம் வேணாம்யா, இனிமே ஊத்த மாட்டேன்னு அவரு வாயால சொல்லச் சொல்லுங்க, போதும்" என்று நாய்க்குச் சோறு வைக்கும் அந்த அம்மா என்னிடம் கேட்டார். அதைக்கூட என்னால் வாங்கித் தர முடியவில்லை.

அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, குடிநீரையும் சாலையையும் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: 1960 சட்டத்தின் 11ஆம் பிரிவில் ஐம்பது ரூபாய் என்றிருப்பதை மாற்றச் சொல்லி அவையில் ஒருநாளாவது எழுந்து பேசினீர்களா?