தோத்தவனுக்குப் பாடம் எடுக்காதீங்க

சாயங்காலம் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனால், கடலைப் பார்க்கிறவங்களைவிட போனைப் பார்க்கிறவங்கதான் அதிகம். அதுல ஒருத்தன் 'ப்ச்' என்கிறான். செத்துட்டான். நாற்பது நிமிஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஆயுதம், காசு, எல்லாம் போச்சு. அடுத்த நொடி கட்டைவிரல் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குது. "தோத்துக்கிட்டே இருக்கியே, அப்புறம் எதுக்குடா ஆடுற?" என்று பக்கத்தில் ஒரு பெரியவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. அதுக்கு நம்ம ஆட்கள் வழக்கமா சொல்ற பதில்தான் எனக்கு எரிச்சல்.

"ரோக்லைக் கேம் தோல்வியைத் தாங்கக் கத்துக்கொடுக்குது. விழுந்தா எழுந்திரு. வாழ்க்கையும் இப்படித்தான்." யூடியூபில் ஆரம்பித்து இலக்கியக் கட்டுரை வரைக்கும் இதே பல்லவி. இது பொய். அதுவும் தோற்றவன் தலையில் பழியைக் கட்டுகிற பொய்.

1980ல் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இரண்டு கலிஃபோர்னியா மாணவர்கள் 'ரோக்' விளையாட்டை உருவாக்கினாங்க. பிறகு கென் ஆர்னால்டும் சேர்ந்துகொண்டார். அப்போதிருந்த சாகச விளையாட்டுகளில் புதிரை ஒருமுறை அவிழ்த்துட்டா கதை முடிஞ்சது. தாங்கள் செய்த விளையாட்டே தங்களை ஆச்சரியப்படுத்தணும் என்று இவங்க நினைச்சாங்க. அதனால் ஒவ்வொரு முறையும் நிலவறையைக் கணினியே புதுசா வரையும். படம் கிடையாது, எழுத்துகள்தான். 26 ஆங்கில எழுத்துக்கு 26 அரக்கர்கள். செத்தா செத்ததுதான். சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்ததுமே அந்தக் கோப்பு அழிஞ்சிடும்; பழைய இடத்துக்குத் திரும்பித் திரும்பிப் போய்த் தப்பிக்க முடியாது.

அங்கிருந்து நெட்ஹாக், ஸ்பெலங்கி, ஸ்லே தி ஸ்பையர், ஹேட்ஸ், பலாட்ரோ வரைக்கும் வந்தாச்சு. என் கணக்கில் இவை திரும்பத் திரும்ப இழுப்பதற்கு மூணு காரணம். ஒண்ணு, ஏன் செத்தோம்னு தெரியும். ஸ்லே தி ஸ்பையரில் எதிரி அடுத்து அடிக்கப் போறானா, தடுக்கப் போறானா என்று அவன் தலைக்கு மேலேயே போட்டிருக்கும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூணு கார்டு நீட்டுவாங்க. ஒண்ணை எடுக்கலாம், வேண்டாம்னும் விடலாம். ஆசைப்பட்டு எடுத்த ஒரு கார்டுதான் அரை மணி நேரம் கழிச்சு நம்மைக் கொன்னதுன்னு கை வைச்சுக் காட்ட முடியும். ரெண்டு, அந்த வாசலில் எல்லாரும் ஒரே மாதிரிதான் நிற்கிறாங்க. அப்பா பேர், சாதி, பள்ளிக்கூடம், ஆங்கிலம் எதையும் அது கேட்காது. மூணு, மறுபடி ஆரம்பிக்கச் செலவில்லை. போனது நேரம் மட்டும்தான், வந்தது கொஞ்சம் அறிவு.

இந்த மூணில் ஒண்ணை உருவிப் பாருங்க, விளையாட்டே வேற ஆயிடும்.

பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் மயிலாப்பூர். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் முழிச்சிருக்க அங்கே வீடுகளில் பரமபதம் ஆடுவாங்க. எல்லாரும் ஒரே கட்டத்திலிருந்துதான் கிளம்புறாங்க, தோத்தா செலவும் இல்லை. ஆனா ஏன் தோத்தோம்? தாயக்கட்டை அப்படி விழுந்தது, அவ்வளவுதான். உச்சிக்குப் பக்கத்தில் போனவனைப் பெரிய பாம்பு விழுங்குவதில் அவன் தப்பு ஒண்ணுமில்லை. பாட்டியோடு ஆடச் சுகமா இருக்கும். ஆனா மறுநாள் காலையில் "அந்த இடத்துல வேற மாதிரி ஆடியிருக்கலாம்" என்று யாரும் புலம்புவதில்லை.

ஆன்லைன் ரம்மியில் மூணாவது காரணம் இல்லை. அங்கே ஒவ்வொரு சாவும் வங்கிக் கணக்கிலிருந்து போகும். 2022ல் தமிழ்நாடு அதைத் தடை செய்து சட்டம் போட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, அவற்றுக்கு அந்தத் தடை செல்லாது என்றது. 2025ல் ஒன்றிய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்று இத்தனை வருஷம் வாதாடினோம். தோத்தா யார் பாக்கெட்டிலிருந்து போகுது என்ற கேள்விதான் முதல்ல வந்திருக்கணும். ஐரோப்பாவிலும் இதே குழப்பம். கனடாக்காரர் ஒருவர் தனியா உருவாக்கிய பலாட்ரோ 2024ல் வந்தது. அதில் ஒரு பைசா பந்தயம் கிடையாது. போக்கர் சீட்டு தெரியுது என்பதற்காக 18 வயது முத்திரை குத்தினாங்க. 2025ல்தான் அதை 12 ஆகக் குறைச்சாங்க. இதற்கிடையில், இலவசமா இறங்குகிற எத்தனையோ மொபைல் கேம்கள் நாம செத்ததும் "விளம்பரம் பாரு, உயிர் தர்றேன்" என்று கடை விரிக்குது. அதைத்தான் சூதாட்டத்தின் தம்பி என்பேன்.

இப்போ வாழ்க்கைக்கு வருவோம். நீட் தேர்வை எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம். கேட்க ரோக்லைக் மாதிரியே இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவைக்கும் விலை ஒரு வருஷம். அதோடு ரிப்பீட்டர் பேட்ச் ஃபீஸ், அம்மாவின் வளையல், "இந்த வருஷமாச்சும் வருமா?" என்று கேட்கிற சித்தப்பா. முதல் தடவையே கோச்சிங் வாங்கியவனும், பள்ளிப் பாடத்தை மட்டும் படித்தவளும் ஒரே வாசலில் நிற்கவில்லை. அவளிடம் போய் "ஹேட்ஸ் ஆடினதில்லையா? விழுந்தா எழுந்திரு" என்று சொன்னால், அடி வாங்கியவளையே குற்றவாளி ஆக்குகிறோம்.

இதே கரையில் சீனிவாசபுரத்து மீனவர்களைப் பாருங்க. கடல் தினமும் புதுசா வரையப்படுகிற நிலவறைதான். வாடை, கொண்டல் என்று காற்றையும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்தையும் படிக்கிற அறிவு ஒவ்வொரு நாளும் கூடுது. ஒப்பிடச் சொன்னால் இதைவிட அழகான உதாரணம் கிடைக்காது. ஆனா வலை கிழிந்தால் அது கடன். 2004 டிசம்பரில் இந்தக் கரையைச் சுனாமி அடித்தது. அதுக்கப்புறம் கடல் அரிப்பில் வீடு இழந்தவங்களும் இங்கே இருக்காங்க. அவங்க திரும்ப எழுந்து நின்றதை விடாமுயற்சி என்று கைதட்டுவது நமக்குச் சுலபம். அவங்களுக்கு அதைத் தவிர வேற வழி கொடுக்கப்படலை.

அப்போ இந்த விளையாட்டிலிருந்து வெளியே எடுத்துட்டுப் போக எதுவுமே இல்லையா? ஒண்ணு இருக்கு. செத்ததும் நல்ல ஆட்டக்காரன் முதல்ல கேட்கிறது, "இது என் தப்பா, கேமோட தப்பா?" தன் தப்புன்னா மறுபடி ஆடுவான். ஆட்டமே அநியாயம்னா திட்டி விமர்சனம் எழுதிட்டு அன்இன்ஸ்டால் பண்ணுவான். உருவாக்கினவங்களும் அதைப் படிச்சு அடுத்த அப்டேட்டில் சரி செய்வாங்க. ஒரு பொம்மை அரக்கன் கொஞ்சம் ஓவரா அடிச்சதுக்கு இவ்வளவு நியாயம் கேட்கிற நாம, வெளியே மட்டும் தோத்தவனிடம் பொறுமையைக் கேட்கிறோம்.

அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவன் அதைப் போனோட மூடி வைக்க வேண்டாம். பெரியவருக்கும் பதில் அதுதான்: "இங்க தோத்தா ஏன்னு தெரியுது தாத்தா, அதான் ஆடுறேன்."