பிழை யாரில் என்பது ஜனாஸாவுக்குப் பிறகு வரும் கேள்வி



நமது ஊர்களில் ஒரு விபத்து நடந்தால் முதலில் வரும் கேள்வி, "பிழை யாரில்?" என்பதுதான். வைத்தியசாலை வாசலிலும் கேட்கிறோம், தேநீர்க் கடையிலும் கேட்கிறோம், பேஸ்புக் பதிவுகளின் கீழும் கேட்கிறோம். டிப்பர்காரரிலா, பைக்கில் வந்த பொடியனிலா? பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் அந்தக் கேள்வி தேவை. வீதியில் இறங்கும் நமக்கு அது உதவாது. சரியான பக்கத்தில் சரியாகப் போனவரையும் மற்றவரின் பிழை கொன்றுவிடும்.

நாம் கேட்க வேண்டியது இதுதான்: "எதிரே வருபவர் பிழை விட்டாலும் நாம் உயிரோடு வீடு போய்ச் சேருவோமா?" தற்காப்போடு வாகனம் ஓட்டுவது என்றால் இவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 நெடுஞ்சாலைதான் நமக்குக் கடைத்தெருவும். அக்கரைப்பற்றிலிருந்து நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை வரை பள்ளிவாசல், பாடசாலை, சந்தை, வங்கி எல்லாம் அந்த வீதியை ஒட்டியே இருக்கின்றன. தூர பஸ்ஸும் லொறியும் நெடுஞ்சாலை என்று நினைத்து ஓடுகின்றன. நாம் வீட்டு முற்றம் என்று நினைத்துக் குறுக்கே போகிறோம். இரண்டு நினைப்பும் சந்திக்கும் இடத்தில்தான் உயிர் போகிறது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பைக் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். ஆடு குறுக்கே வந்ததைக் கண் கண்டு, மூளை விளங்கி, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு செக்கனாவது வேண்டும். அந்த 17 மீற்றரும் பிரேக் பிடிக்காமலே போன தூரம். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கவே தொடங்கும். "நான் டக்கெண்டு பிரேக் அடிப்பன்" என்ற வீரப் பேச்செல்லாம் இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது.

நமது வீதிகளுக்குத் தேவையான பழக்கங்கள் சில:

1. முன்னால் போகும் வாகனம் ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன் நாம் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் மிக நெருக்கமாகப் போகிறோம். மழையிலும் இரவிலும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

2. டிப்பர், பஸ், லொறி ஆகியவற்றின் பக்கக் கண்ணாடியில் சாரதியின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நம்மைத் தெரியாது. அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

3. எதிரே வருபவர் லைட் அடித்தால் "நீங்க போங்க" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அவர் சொல்வது "நான் வாறன், நில்லு" என்பதே. வண்டியின் வேகம் குறைந்ததைக் கண்ட பிறகு திரும்புங்கள்.

4. மஞ்சள் கடவையில் ஒரு வாகனம் நின்றால் அதை முந்தாதீர்கள். அதன் மறைவில் ஒரு பிள்ளையோ ஒரு வயதான உம்மாவோ கடந்துகொண்டிருப்பார். நிற்கும் பஸ்ஸுக்கும் இதே கதைதான்.

5. உள் வீதியிலிருந்து பிரதான வீதிக்கு ஏறும்போது முழுமையாக நிறுத்திப் பாருங்கள். வலப் பக்கம் பார்த்து, இடப் பக்கம் பார்த்து, திரும்பவும் வலப் பக்கம் பாருங்கள்.

6. அறுவடைக் காலத்தில் மக்ரிபுக்குப் பிறகு பின் லைட் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி முன்னால் நிற்கும் என்று எண்ணியே ஓடுங்கள். மாடும் அப்படித்தான், அதற்கு லைட்டும் இல்லை, சட்டமும் இல்லை. வயல்காரச் சகோதரர்களே, பெட்டியின் பின்னால் ஒட்டும் சிவப்பு மின்னல் பட்டி ஒரு மூட்டை நெல்லின் விலைகூட வராது.

இனி ஆசிரியர்களாக நாங்கள் சொல்ல வேண்டியது. இலங்கையில் வருடத்துக்கு 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். உலகளவில் 5 முதல் 29 வயது வரையானவர்களின் உயிரைப் பறிக்கும் முதல் காரணம் இதுதான் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அந்த வயதுக்காரர்கள்தான் எங்கள் வகுப்பறையில் இருக்கிறார்கள். காலையில் பாடசாலை வாசலில் என்ன காண்கிறோம்? வாப்பா ஹெல்மட் போட்டிருக்கிறார், முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளைகள், மூன்று தலையும் வெறுந்தலை. சாதாரண தரம் கூட எழுதாத, லைசன்ஸ் எடுக்கும் வயதே வராத மகன் டியூஷனுக்குப் பைக்கில் வருகிறான். நோன்பு கால இரவுகளில் அதே பைக் கடற்கரை வீதியில் ரேஸ் ஓடுகிறது. சாவியைக் கொடுத்தது யார்?

"பக்கத்துலதானே, கடைக்குத்தானே" என்கிறோம். தார் வீதியில் தலை அடிபட, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கு இல்லை. "எல்லாம் கத்ர்" என்றும் சொல்கிறோம். கத்ரை நம்புவது நம் ஈமான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கத்தான் நமக்குக் கற்றுத் தரப்பட்டது. பொலிஸைக் கண்டால் மட்டும் ஹெல்மட்டைத் தலையில் வைப்பதும், வார்ப்பட்டியைப் பூட்டாமல் ஓடுவதும் தவக்குல் ஆகாது.

2024 நவம்பர் 26 ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வீதியை மூடிய வெள்ளம் ஓர் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்று மதரஸா மாணவர்களின் உயிர்களைப் பறித்ததை இந்தக் கரையோரம் மறக்காது. அது மோதல் விபத்து அல்ல. ஆனாலும் வெள்ளத்துக்கு முன்னாலும் வளைவுக்கு முன்னாலும் நமக்குள் எழும் எண்ணம் ஒன்றுதான்: "போயிரலாம்." அந்த எண்ணம் வரும்போது நிறுத்துவதே முதல் பாடம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜும்ஆ முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பிரதான வீதிக்கு வரும் அந்தப் பத்து நிமிடத்துக்கு இரண்டு தொண்டர்களை வாசலில் நிறுத்துங்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பெருநாளைக்குப் புது உடுப்போடு பிள்ளையின் தலைக்கு அளவான ஹெல்மட் ஒன்றும் வாங்குங்கள்.

ஐந்து நிமிடம் பிந்திப் போனால் முதலாளி ஏசுவார், அதிபர் முகம் சுளிப்பார். அதைத் தாங்கிக்கொள்ளலாம். நமக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பவர்களால் மற்றதைத் தாங்க முடியாது.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. வாசித்தவர்கள் இன்று இரவே வீட்டில் பைக் ஓடும் பிள்ளையைக் கூப்பிட்டு இதை வாசித்துக் காட்டுங்கள்.