ஈனாத ஆடுகளின் பால்

சோயா உண்டால் தாய்ப்பால் பெருகும் என்பார் ஒருவர். ஆண்கள் உண்டால் மார்பு வளரும் என்று அஞ்சுவார் இன்னொருவர். இருவரும் 'தாவர ஈஸ்ட்ரோஜன்' என்ற ஒற்றைச் சொல்லைப் பற்றிக்கொண்டே பேசுகிறார்கள். இப்பேச்சுக்கெல்லாம் பழைய சாட்சி மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மறி ஆடுகள். அவற்றின் கதையைப் பாதியோடு நிறுத்திவிடுவதே நம் வழக்கமாக இருக்கிறது.

1940களில், நிலத்தடிக் குளோவர் என்னும் தீவனச் செடி மண்டிய மேய்ச்சல் நிலங்களில் ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. பென்னெட்ஸ், அண்டர்வுட், ஷையர் ஆகிய மூவரும் 1946இல் இதை எழுதி வெளியிட்டார்கள். விசித்திரம் வேறொன்று: கிடாவோடு சேராத ஆடுகள் மடிவிட்டுப் பால் சுரந்தன, காயடித்த கிடாக்களும் சுரந்தன! மேய்ப்பர்கள் தம் கண்களையே நம்பியிருக்க மாட்டார்கள்.

பழி முதலில் ஜெனிஸ்டைன் மீது விழுந்தது. சோயாவில் மிகுந்திருப்பதும் அதுதான். ஆனால் ஆட்டின் அசையிரைப்பை சில நாட்களிலேயே அதைச் சிதைத்துச் செயலற்றதாக்கப் பழகிக்கொள்கிறது. உண்மைக் காரணம் குளோவரிலிருந்த ஃபார்மோனோனெட்டின் என்பது பின்னரே தெளிவாயிற்று. இரைப்பையின் நுண்ணுயிர்கள் அதை டெய்ட்சீனாகவும், பிறகு ஈக்வாலாகவும் மாற்றுகின்றன. ஆட்டின் உடலில் வேலை செய்தது அந்த ஈக்வால். சோயாவிலும் டெய்ட்சீன் உண்டு. ஆனால் அதை ஈக்வாலாக்கும் நுண்ணுயிர்கள் மனிதரில் பலருக்கு வாய்ப்பதில்லை.

அளவையும் பார்க்க வேண்டும். குளோவரின் உலர் எடையில் இவ்வகைச் சேர்மங்கள் 5 சதவீதம் வரை இருந்தன. ஆடுகள் மாதக்கணக்கில் வேறொன்றும் தின்னவில்லை. சோயாவிலோ கிராமுக்குச் சில மில்லிகிராம்.

இதைவிட முக்கியமாக நமக்குப்படுவது ஈஸ்ட்ரோஜனின் இரட்டைப் போக்கு. கருவுற்ற காலத்தில் அது பால் சுரப்பிகளை வளர்க்கிறது. புரோஜெஸ்ட்ரோனோடு சேர்ந்து அவற்றைச் சுரக்கவிடாமலும் வைக்கிறது. கடந்த நூற்றாண்டில் பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் வற்றுவதற்காக மருத்துவர்கள் கொடுத்ததே செயற்கை ஈஸ்ட்ரோஜனைத்தான். வெறும் மடியில் பாலை வரவழைக்கும் அதே தூண்டல், பால் ஓடும் மார்பை வற்றவைக்கவும் வல்லது. ஆகவே 'ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, பால் ஊறும்' என்னும் கணக்கு ஆட்டுக்கே முழுதாகப் பொருந்தாதபோது, பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?

சோயா நல்ல புரதம், விரும்புவோர் உண்ணட்டும். ஆனால் பால் போதவில்லையே என்று கலங்கும் இளந்தாயிடம் சோயாப்பால் டம்ளரை நீட்டுமுன், குழந்தை நாளைக்கு எத்தனை முறை குடிக்கிறது, காம்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று யாரேனும் அருகமர்ந்து பார்ப்பதையே நாம் விரும்புகிறோம். மார்பு வெறுமையாக வெறுமையாகத்தான் மேலும் சுரக்கிறது.